பக்கத்தில் உட்கார ஒருவர்

"வெள்ளிக்கிழமை காலையில ஒரு விசாரணை இருக்கு, ரோ. ரகசியத்தை வெளிய விட்டதா உன்மேல புகார். துணைக்கு யாரையாவது கூட்டிட்டு வரலாம்."

ஆலைத் தலைவர் கிளைவ் இதை ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"அது என் வசனம், கிளைவ்," என்றாள் ரோவீனா.

"தெரியும். அதான் பிசகாம சொல்லணும்னு பார்த்தேன்."

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே, எங்கள் டாஸ்மேனியாத் தீவின் வடகரையில், உருளைக்கிழங்கை நறுக்கி உறையவைத்து அனுப்பும் அந்த ஆலையை நம்பித்தான் பாதி ஊர் இருக்கிறது. ரோவீனா அங்கே பணியாளர் பிரிவின் மேலாளர். ஒருவரை வேலையிலிருந்து எடுப்பதற்கு முன் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். விசாரிக்கப்படுகிறவர் துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிவரலாம். அந்தத் துணை வாதாடக் கூடாது, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். இதை எத்தனையோ பேரிடம் சொல்லி வந்தவள் அவள்.

நடந்தது என்ன? ஐம்பது வயதுக்கு மேல் ரோவீனா முதுகலை படிக்கச் சேர்ந்திருந்தாள். தொழில் உறவும் வணிகச் சட்டமும் சேர்ந்த படிப்பு, புதன்கிழமை மாலை வகுப்பு. எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், அவரவர் வேலையிடத்துச் சிக்கலைப் பெயர் மாற்றி வகுப்பில் வைத்து அலசுவது வழக்கம். ரோவீனா, "ஒரு பிஸ்கட் கம்பெனி," என்று ஆரம்பித்தாள். ராத்திரி ஷிப்டை மூடிவிட்டு, அதே ஆட்களை ஒப்பந்தக்காரர் மூலம் குறைந்த சம்பளத்துக்கு எடுத்தால் சட்டம் என்ன சொல்லும்?

நல்ல கேள்வி என்றார் ஆசிரியர். 'நீ என்ன நினைக்கிறாய்' என்று அவளைக் கேட்கும் இடம் வாரத்தில் அது ஒன்றுதான். கேட்கக் கேட்க அவளும் சொல்லிக்கொண்டே போனாள். எங்கள் கரையில் பிஸ்கட் கம்பெனி என்று ஒன்று கிடையவே கிடையாது, ராத்திரி ஷிப்டு ஓடும் ஆலை அவளுடையது ஒன்றுதான் என்பது, வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த வாரமே ராத்திரி ஷிப்டு ஆட்கள் திரண்டு வந்து கேள்வி கேட்டார்கள். ஷிப்டை மூடும் திட்டம் தெரிந்தது கிளைவுக்கு, மெல்போர்ன் தலைமையகத்துக்கு, அவளுக்கு. வேறு யாருக்கு?

சரி, துணைக்கு யாரைக் கூப்பிடுவது? பேர்த் நகரில் இருக்கும் தங்கைக்குப் போன் செய்தாள்.

"வாயைத் திறக்காம உக்காரணுமா? நான் அப்படி உக்காந்த நாள் ஒண்ணு சொல்லு பார்ப்போம். வக்கீலைக் கூப்பிடேன்."

"நானே பாதி வக்கீல்தான்."

"அப்ப மீதிப் பாதியைத் தேடு."

கணக்குப் பிரிவு கிளெனிஸ் சுற்றிவளைக்கவில்லை. "உன் பக்கத்துல உக்காந்தா அடுத்த விசாரணை எனக்குத்தான். கேக் வேணா செஞ்சு தரேன், ரோ."

புதன்கிழமை வகுப்பின் இடைவேளையில் டூகலைப் பிடித்தாள். டூகல் ஆலை ஆட்களின் தொழிற்சங்க அமைப்பாளன். வகுப்பிலும் அவள் சொல்வதற்கெல்லாம் எதிர்ப்பேச்சு பேசுகிறவன்.

"நீதானே சொன்னே?"

"உன் பேரைச் சொல்லல. ஒப்பந்தக்காரன் யாராவது வந்து போறானான்னு நிர்வாகத்தைக் கேளுங்கன்னு மட்டும் சொன்னேன்."

"அதுக்குப் பேர்தான் சொல்றது."

"எத்தனை குடும்பம், ரோவீனா. காதுல விழுந்ததை நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுவேன்?"

அவள் காப்பியைக் கலக்கிக்கொண்டே நின்றாள். பிறகு வெள்ளிக்கிழமை பற்றிச் சொன்னாள்.

"நான் வர்றேன்," என்றான் டூகல். "இத்தனை வருஷம் உன் எதிர்ல உக்காந்தாச்சு. ஒரு தடவை உன் பக்கம் உக்காந்தா நாற்காலி உடைஞ்சிடாது."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"நீ உள்ள வந்தாலே முடிஞ்சுது, டூகல். நான் யார்கிட்டப் பேசினேன்னு அவங்களுக்கு இன்னும் தெரியாது."

அவன் யோசித்தான். "ஆமா. சாட்சியத்தைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி ஆயிடும்."

"அதுவும் ஆறடி உயர சாட்சியம்."

"வெளிய வண்டியில இருக்கட்டுமா?"

"உன் வண்டியத் தெரியாதவங்க இந்த ஊர்ல யாரு?"

வருகிறேன் என்று சொன்னவன் அவன் ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமை மேஜைக்கு அந்தப் பக்கம் கிளைவும், மெல்போர்னிலிருந்து வந்த கார்லா என்ற இளம்பெண்ணும். இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ரோவீனா உட்கார்ந்தாள்.

"துணை வேண்டாம்னு சொல்லிட்டாங்க," என்று சொல்லிக்கொண்டே கார்லா தட்டச்சு செய்தாள்.

"நான் வேண்டாம்னு சொல்லலையேம்மா."

"யாராவது வர்றாங்களா?"

"இல்ல."

"அப்ப வேண்டாம்னுதானே அர்த்தம்?"

"யாரும் கிடைக்கலன்னு போடு."

கார்லா கிளைவைப் பார்த்தாள். "அப்படிப் போடற வழக்கம் இல்லையே."

"கிடைக்கலன்னு போட்டா தேதியைத் தள்ளி வெக்கணும், அதனாலதான். வேண்டாம்னு போட்டா அன்னிக்கே முடிச்சிடலாம். வழக்கத்தைக் கொண்டுவந்தவ நான்தான்."

கிளைவ் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். "தள்ளி வைக்கணும்னா வைக்கலாம், மிஸ் டாட்னெல். அடுத்த வெள்ளி?"

இருபது வருடத்தில் அவர் அவளை அப்படி அழைத்ததில்லை.

"அடுத்த வெள்ளி மட்டும் யார் வரப்போறாங்க, கிளைவ்? கேளுங்க."

"திட்டத்தை வெளியில சொன்னீங்களா?"

"சொன்னேன். வகுப்புல, ஒரு பிஸ்கட் கம்பெனி கதையா."

"பிஸ்கட்டா?" என்றார் கிளைவ். "நம்ம பக்கம் ஏது பிஸ்கட் கம்பெனி?"

"அதேதான்."

வகுப்பில் யார் யார் இருந்தார்கள் என்று கார்லா கேட்டாள். சொல்ல மாட்டேன் என்றாள் ரோவீனா. அதற்கு மேல் பேச எதுவும் இருக்கவில்லை. மதியத்துக்குள் வேலை போயிற்று. ராத்திரி ஷிப்டை மூடுவதை இப்போதைக்கு நிறுத்திவைத்திருப்பதாகக் கிளைவ், கதவருகே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

வாசலில் ராத்திரி ஷிப்டு ஆட்கள் இருவர் சங்கத்தின் சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். என்றைக்கும் நிறுத்துவதுதான். அவள் தாண்டிப் போன பிறகு ஒருவன் குரல் கொடுத்தான்.

"என்ன ரோவீனா, மதியமே கிளம்பியாச்சா? மேலாளரா இருந்தா இப்படித்தான் இருக்கணும்."

"ஆமா," என்றாள் அவள். "சுவரொட்டி கோணலா இருக்கு, பாருங்க."