உஷாராணியின் வயிறும் நீல மூடி டப்பாவும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை தோன்றியபோது நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மூன்றாவது தோசையில் இருந்தேன். கைப்பேசியில் ஒரு செய்தி: குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கும் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்புக்கும் தொடர்பு இருக்கலாமாம். தோசையை அப்படியே வைத்துவிட்டேன். (பொய். சாப்பிட்டு முடித்தேன்.)

உடனே எழுதிய முதல் வரி: 'மனிதக் குடல் என்பது ஓர் இருண்ட பிரபஞ்ச—'

வேண்டாம்.

அடுத்தது: 'கிள்ளானில் ரவிக்கை தைக்கும் உஷாராணி மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை.'

இது பரவாயில்லை. இதிலிருந்தே போவோம்.

2

உஷாராணியின் கணவர் கார்த்திகேசுவுக்கு எச்.ஐ.வி. இருப்பது நான்கு வருடத்துக்கு முன் தெரியவந்தது. அவளை மூன்று தடவை சோதித்தார்கள். அவளுக்கு இல்லை. இப்போது அவர் தவறாமல் மாத்திரை போடுகிறார். ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டது, இனி அவளுக்குத் தொற்றாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் அதற்கு முன், தெரியாமலிருந்த வருடங்களில் அவள் எப்படித் தப்பினாள்?

(கார்த்திகேசுவை முதலில் லோரி ஓட்டுநராக்கியிருந்தேன். இந்த வியாதி என்றதும் லோரிக்காரரைக் கூப்பிடுவது சோம்பேறித்தனம். ஆகவே இப்போது ஏர்கோன், அதாவது ஏ.சி., பழுதுபார்க்கிறார். எப்படி வந்தது என்பதை மனைவியிடம் சொல்லிவிட்டார். உங்களிடம் சொல்லமாட்டார்.)

அந்தக் கேள்விதான் அவளைப் பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஆய்வு அலுவலகத்துக்கு இழுத்துப்போனது.* அங்கிருந்த தாதி நிலானி ஒரு நீல மூடி டப்பாவைக் கொடுத்தாள்.

"காலையில போனதும் இதுல கொஞ்சம் எடுத்து, ஐஸ் வச்சு கொண்டாங்க ஆன்டி."

"அப்போ என் வயித்துல உள்ள பூச்சிதான் என்னைக் காப்பாத்துச்சா?"

"இருக்கலாம் ஆன்டி. அதத்தான் தேடுறோம்."

"தயிர் நெறைய சாப்பிட்டா யாருக்கும் வராதா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல லா! தயிர் சோத்துக்குத்தான். பாதுகாப்புக்குக் காண்டம் இருக்கு, மாத்திரை இருக்கு."

* அலுவலகம் என் கற்பனை. கேள்வி நிஜம். விஞ்ஞானிகளே இன்னும் 'இருக்கலாம்' என்ற சொல்லைத் தாண்டவில்லை.

3

மாதிரி கொடுக்கக் கடைசி நாள். உஷாராணி காலை ஐந்தரைக்குக் கழிவறைக்குள் போனாள். பப்பாளி, வெந்நீர், முருகன் எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. ஆறே முக்காலுக்குக் காலி டப்பாவோடு வெளியே வந்தாள்.

கார்த்திகேசு அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினார். கையில் டப்பா. நிறைந்திருந்தது.

"எடுத்துட்டுப் போ. வயிறு வயிறுதானே, யாருக்குத் தெரியப்போவுது?"

நான்கு வருடமாக அவளுக்கு ஏதாவது செய்துவிட அவர் துடித்துக்கொண்டிருந்தார். இரண்டு ஏர்கோன் மாட்டிக் கொடுத்தார். அவள் இரண்டையும் போடவில்லை. இது ஒன்றுதான் அவளுக்கு உடனே தேவைப்பட்டது.

(உஷாராணி இதற்குச் சம்மதிப்பாளா? ஒரு வாரம் யோசித்தேன். முதல் வரைவில் டப்பாவை அவர் தலையிலேயே— விடுங்கள். போன வாரமும் வெறுங்கையோடு போய் நின்றவள் அவள். வெட்கம் யாரையும் சம்மதிக்க வைக்கும்.)

இருவரும் கொமுட்டர் ரயிலில் ஏறினார்கள். ஐஸ் பெட்டி அவள் மடியில். சுபாங் ஜெயா தாண்டியதும் அவள் மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, என்னைக் காப்பாத்துனது எதுன்னு தேடுறாங்க. உங்களோடதுல தேடுனா என்னங்க கிடைக்கும்?"

அவர் ஐஸ் பெட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

4

அலுவலகத்தில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நிலானி பெட்டியை வாங்கி, டப்பாவின்மேல் உஷாராணியின் பெயரை ஒட்டப்போனாள்.

"மிஸ்ஸி, ஒட்டாதீங்க." கார்த்திகேசுவின் குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. "அது இவளோடது இல்ல. என்னோடது. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு."

உஷாராணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது. 'அது' என்பார், மாத்திரையைக்கூட 'விட்டமின்' என்பார். அந்த மூன்று எழுத்தையும் அவர் வாயால் அவள் கேட்பது இதுவே முதல்முறை.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். நிலானி மட்டும் பேனாவை எடுத்தாள்.

"அங்கிள், நிஜமாவா? அந்த குரூப்ல எங்களுக்கு ஆளே பத்தல. சேர்ந்துக்கிறீங்களா? இதைத் தூக்கிப் போட்டுட்டு உங்களுக்கு வேற டப்பா தரேன்."

கார்த்திகேசு விழித்தார். இந்த வியாதி வந்ததற்காக யாரும் அவரை இதுவரை வேலைக்கு எடுத்ததில்லை. உஷாராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். சட்டென்று சிரிப்பு நின்றது. அடிவயிற்றைப் பிடித்தாள்.

"நிலானி, டாய்லெட் எங்கம்மா? சீக்கிரம், டப்பா!"

5

மாதிரி போய்ச் சேர்ந்துவிட்டது. முடிவு எப்போது வரும்? இரண்டு வருடம் ஆகலாம் என்றாள் நிலானி. அதுவரை என்னால் இந்தக் கதையை இழுக்க முடியாது.

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் அவர் கையைப் பிடிக்கிறாள், பால் பாயசம் மாதிரி திகட்டியது. இன்னொன்றில் பெண்கள் பெட்டியில் தனியாக ஏறிக்கொள்கிறாள். அதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு, ஆனால் அன்று காலை அல்ல.

நடந்தது இவ்வளவுதான். கே.எல். சென்ட்ரலில் ரயிலுக்கு நிற்கும்போது கார்த்திகேசு கேட்டார்: "உஷா, கோவம் போயிடுச்சா?"

அவள் ஏதோ சொன்னாள். ரயில் வந்த சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: அவளை அழவைத்துவிடாதீர்கள். அதை அவள் நான்கு வருடத்துக்கு முன்பே தனியாகச் செய்து முடித்துவிட்டாள்.