இடுப்பில் ஏழு கிலோ

ஊரில் இருக்கிற தராசுகளையெல்லாம் சரிபார்க்கிற மனிதரின் வீட்டில் உருப்படியான எடை மெஷின் கிடையாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். குளியலறை மூலையில் முள் வைத்த பழைய வட்ட மெஷின் ஒன்று கிடந்தது. நூறு கிலோவுக்கு மேல் அதற்குக் கணக்குத் தெரியாது. அதையும் நாலு தடவை பிரித்து மாட்டிவிட்டு, இதைவிட நேர்மையான மெஷின் இந்தத் தெருவிலேயே இல்லை என்று சொல்லித் திரிந்தார். வேலையிடத்தில் அவருக்குக் கிராம் சார் என்று பெயர். லாரியை நிறுத்தி எடைபோடும் மேடையானாலும் மருந்துக்கடைத் தராசானாலும் ஒரு கிராம் தப்பினால் அவருக்குத் தூக்கம் வராது.

விமானம் மாலை ஆறு மணிக்கு. ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு இருபத்துமூன்று கிலோ. அவர், அவர் மனைவி, சின்ன மகள் என்று மூன்று பேர் கிளம்புகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பெரியவளுக்கு இன்னும் பத்து நாளில் பிரசவம்.

பெட்டியை அந்த மெஷின் மேல் வைத்தால் முள்ளே தெரியாது, பெட்டி மறைத்துவிடும். யாராவது பெட்டியைக் கட்டிக்கொண்டு மெஷின் மேல் ஏறி நிற்க வேண்டும். வருகிற எடையில் ஆளின் எடையைக் கழித்தால் பெட்டியின் எடை. கிராம் சார் தொண்ணூற்றிரண்டு கிலோ. அவர் பெட்டியோடு ஏறினால் முள் எங்கே போய் நிற்குமோ தெரியாது. சின்னவள் பந்து விளையாடப் போய் மணிக்கட்டில் கட்டோடு வந்திருந்தாள். மிச்சம் மனைவிதான்.

"நீ ஏறும்மா. உன் எடைதான் நமக்குத் தெரியுமே. ஐம்பத்தெட்டு."

அவள் ஐம்பத்தெட்டு இல்லை. ஐம்பத்தொன்று.

ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். மாதம் பிறந்ததும் வீட்டில் இருக்கிறவர்களை நிறுத்தி எடை பார்த்து அதில் எழுதுவது கிராம் சாரின் வழக்கம். நாலு மாதமாக அவருக்கு வெளியூரில் வேலை. வாரத்துக்கு ஒருநாள்தான் வீடு. அட்டையை அவளே எழுதினாள். முதல் மாதம் ஒன்றரைக் கிலோ குறைந்தபோது விளையாட்டாகப் பழைய எண்ணையே எழுதினாள். அடுத்த மாதம் அதையே எழுதியபோது அது விளையாட்டாக இல்லை. நாலாவது மாதம் ஐம்பத்தெட்டு என்று எழுதிவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். ஏன் குறைகிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயம். பார்க்கிறவர்களுக்கும் தெரியவில்லை. அவள் தையற்காரி. கடைத்தெருவில் மற்றவர்களின் துணியைப் பிடிப்பதும் விடுவதும்தான் அவள் தொழில். தன் துணிகளைத் தானே பிடித்துக்கொண்டாள், அரை அங்குலம், பிறகு ஓர் அங்குலம்.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்பதற்காக, பெரியவள் பட்டம் வாங்கும் விழாவுக்குப் போக எடுத்து வைத்திருந்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, மருத்துவமனை வாசலில் ஒற்றைக் காலில் நின்ற மனிதர் அவர். அன்பில்தான் செய்தார். ஆனாலும் பெரியவள் மேடையேறியபோது அவளைப் பார்க்க வீட்டிலிருந்து ஒருவரும் இல்லை. இந்தத் தடவை அப்படி நடக்கக் கூடாது. போய், மகள் பக்கத்தில் நின்று, குழந்தையைக் கையில் வாங்கிவிட்டு வந்து எந்த டாக்டரிடமும் காட்டிக்கொள்ளலாம் என்று வைராக்கியமாக இருந்தாள்.

அவர் முதல் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். அவள் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எழுபத்துநாலு. ஐம்பத்தெட்டு போனா பதினாறு." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இன்னும் ஏழு கிலோ வைக்கலாம். ஏய் சின்னவளே, அந்தப் போர்வையெல்லாம் எடு. உங்க அம்மா தைச்ச குழந்தைச் சட்டை மூட்டையையும் கொண்டா."

பெட்டி ஏற்கெனவே சரியாக இருபத்துமூன்று. இன்னும் ஏழு வைத்தால் விமான நிலையத்தில் முப்பது என்று காட்டும். மூன்று பெட்டியும் அப்படியே காட்டினால் அவர் சும்மா விடுவாரா, எங்கே தப்பு என்று தோண்டுவார். தோண்டினால் அட்டைக்குத்தான் வந்து சேருவார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"இருங்க, நான் சரியா நிக்கல. தலை சுத்துது. தண்ணி குடிச்சிட்டு வரேன், மறுபடி பாக்கலாம்."

"சரியா நிக்கணும்னு நான் தலைபாடா அடிச்சிக்கறேன். இந்த வீட்ல யாரு கேக்கறா" என்றார் அவர்.

அவருடைய கருவி அறையில் வெல்வெட் குழிகள் வைத்த ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே பத்து எஃகு எடைக்கற்கள், ஒவ்வொன்றும் ஒரு கிலோ. மற்ற தராசுகளைச் சோதிக்கிற கற்கள் அவை. வெறுங்கையால் தொட்டால் வியர்வை பட்டு எடை மாறிவிடும் என்று அவரே கையுறை போட்டுத்தான் எடுப்பார். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவளை ஒரு தடவைகூடத் தொட விட்டதில்லை. அவள் அவற்றில் ஏழு கற்களை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு தையல் மெஷினுக்கு ஓடினாள். பழைய திரைச்சீலைத் துணியில் ஒரு பட்டை, அதில் ஏழு பை, ஒவ்வொரு பைக்கும் ஒரு பட்டன். பத்து நிமிஷத்தில் முடித்தாள். அவசரத்திலும் தையல் நேர்கோட்டில்தான் போனது, கை பழக்கம். இடுப்பில் கட்டி மேலே தொளதொளவென்று ஒரு ஸ்வெட்டரைப் போட்டாள். கண்ணாடியில் பார்த்தால் நாலு மாதத்துக்கு முந்தைய அவளே நின்றாள். போன ஏழு கிலோவும் திரும்பி வந்திருந்தது.

"எண்பத்தொண்ணு. இருபத்துமூணு" என்று அவர் படித்தார். "பாத்தியா, நேரா நின்னா ஏழு கிலோ வித்தியாசம் வருது."

நேராக நின்றால் ஏழு கிலோ வித்தியாசம் வரும் என்று நம்பிய எடை நிபுணர் உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். வேறு வீட்டில் இதே நடந்திருந்தால் மெஷினைக் குடைந்திருப்பார். தன் கையால் சரிசெய்த மெஷினையும் தன் வீட்டு அட்டையையும் சந்தேகப்பட அவருக்கு மனசு வரவில்லை.

இரண்டாவது பெட்டி சரியாக வந்தது. மூன்றாவதில் பேரப்பிள்ளைக்காக அவரே செய்த குழந்தைத் தராசு இருந்தது. அதை வைத்து, எடுத்து, திருப்பி வைத்து, மூன்று தடவை அவளை ஏற்றினார். இரும்பு இடுப்பெலும்பில் இடித்தது. பெட்டி கையிலிருந்து நழுவப் பார்த்தது. கடைசியில் இருபத்துமூன்று வந்ததும் அவர் தன் தொழில் கம்பியையும் ஈய வில்லைகளையும் எடுக்கப் போனார். தராசைச் சரிபார்த்து முடித்ததும் யாரும் பிரிக்க முடியாதபடி கம்பியைக் கோத்து ஈய வில்லையால் நசுக்கி முத்திரை வைப்பது அவர் வேலை. பெட்டிக்கும் அதேதான்.

அவள் படுக்கையறைக்கு ஓடிப் பட்டையை அவிழ்த்தாள். மூன்றாவது பெட்டி கட்டில்மேல் திறந்தபடி கிடந்தது. காலடிச் சத்தம் கேட்டது, சின்னவள் உள்ளே வந்தாள். என்ன ஏது என்று யோசிக்காமல் பட்டையைப் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் தள்ளினாள்.

"அம்மா, பெரியவ போன்ல இருக்கா. உன்கிட்டதான் பேசணுமாம்."

பெரியவளுக்குக் கால் வீங்கியிருந்தது, தூக்கம் இல்லை. "நீ வந்துடுவல்லம்மா? இந்தத் தடவை நிஜமா வந்துடுவல்ல?" என்று மூன்று தடவை கேட்டாள். வந்துவிடுவேன் என்று இவளும் மூன்று தடவை சொன்னாள். பேசி முடித்து அறைக்குத் திரும்பும்போது மூன்று பெட்டியிலும் கம்பி கோத்து ஈயம் நசுக்கியிருந்தது. வாசலில் கார் ஹாரன் அடித்தது.

"இதைக் கொஞ்சம் திறங்களேன். ஒண்ணு எடுக்கணும்."

"முத்திரை வச்சாச்சும்மா. வச்சதை நானே பிரிச்சா அப்புறம் முத்திரை எதுக்கு?"

கார் முழுக்க அவள் நெருப்பின்மேல் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு பொய்யைக் கண்டுபிடித்தாள், பச்சை விழுந்ததும் அது உதவாது என்று விட்டாள். வண்டி பழுதாகி நின்றுவிட்டால் நல்லது என்று நினைத்தாள். நின்றால் பெரியவளிடம் போக முடியாதே என்று உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முன்னிருக்கையில் கிராம் சார் டிரைவரிடம், இருபத்துமூன்று என்றால் இருபத்துமூன்று, ஒரு கிராம்கூடத் தாண்டாது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

முதல் பெட்டி இருபத்துமூன்று. இரண்டாவதும் இருபத்துமூன்று. அவர் வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது பெட்டி பெல்ட்டில் ஏறியதும் சிவப்பு எண் முப்பதில் நின்றது.

"ஏழு கிலோ அதிகமா இருக்கு சார். எடுத்துடுங்க, இல்லன்னா கூடுதல் கட்டணம் கட்டணும்" என்றாள் கவுண்டர் பெண்.

"உன் மெஷின் தப்பும்மா."

"இப்பதான் சார் ரெண்டு பெட்டி சரியா காட்டுச்சு."

பக்கத்துக் கவுண்டரில் வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் முப்பது. அவர் முகம் வெளிறியது. குனிந்து முத்திரையைத் தடவிப் பார்த்தார், நசுங்கிய ஈயம் அப்படியே இருந்தது. "ஒரே ஒரு எடைக்கல் மட்டும் இப்ப என் கையில இருந்தா, யார் தப்புன்னு ஒரு நிமிஷத்துல காட்டிடுவேன்" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சின்னவள் பக்கம் திரும்பினார்.

"நீதானே. முத்திரைக்கு முன்னாடி எதையோ சொருகிட்ட. ஷூவா? புஸ்தகமா?"

"நான் எதுவும் வைக்கலப்பா."

"பொய் சொல்லாத. பெட்டி கிட்ட நீதான் இருந்த. நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கறதுக்குன்னே..."

சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தாய்க்காரி அதற்குமேல் பொறுக்கவில்லை.

"அவ இல்ல. நான்தான். கம்பியை வெட்டுங்க."

கவுண்டர் பெண் நீட்டிய கத்தரியால் அவர் வெட்டினார். அவள் மண்டியிட்டுத் துணிகளை விலக்கி, குழந்தைத் தராசுக்குக் கீழேயிருந்து பட்டையை இழுத்து அவர் கையில் கொடுத்தாள். "கல் வேணும்னீங்களே" என்றாள். கேலியாகச் சொல்ல நினைத்தாள், கேலியாக வரவில்லை.

அவர் பட்டன்களைக் கழற்றி ஒவ்வொரு கல்லாக வெறுங்கையால் எடுத்தார். ஏழு. தையலைப் பார்த்தார், யார் தையல் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பட்டையை விரித்து அதன் நீளத்தைப் பார்த்தார், பிறகு அவள் இடுப்பைப் பார்த்தார். கணக்குப் போடத் தெரிந்த மனிதர், போட்டுவிட்டார். விமான நிலையத் தரையில் அப்படியே உட்கார்ந்தார்.

"எத்தனை மாசமா?"

"நாலு."

"டாக்டர்?"

"போகல. பயமா இருந்துச்சு. உங்ககிட்ட சொன்னா என்னைப் போக விடமாட்டீங்க."

"விட்டிருக்க மாட்டேன்" என்றார் அவர். பட்டையைச் சுருட்டிக்கொண்டே, "சொல்லிருக்கணும்" என்றார்.

"இப்பவும் சொல்றேன், என்னைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. அவ மறுபடியும் தனியா இருக்கக் கூடாது."

கவுண்டர் பெண் கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் இருபது நிமிஷத்தில் கவுண்டரை மூடிவிடுவோம் என்றாள். பெட்டியை மறுபடி வைத்தார்கள். இருபத்துமூன்று காட்டி உள்ளே நகர்ந்தது. அவர் எழுந்து, "நீ ஏறு" என்று பெல்ட்டைக் காட்டினார். ஆட்கள் ஏறக் கூடாது சார் என்று சொல்ல வாயெடுத்த பெண், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு பெல்ட்டை நிறுத்தினாள். சின்னவள் கைகொடுத்து அம்மாவை ஏற்றிவிட்டாள்.

நாற்பத்தொன்பது புள்ளி ஆறு.

வீட்டு மெஷின் காட்டியதைவிடவும் குறைவு. அந்தத் தெருவிலேயே நேர்மையான மெஷினும் அவளுக்காகக் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ பொய் சொல்லியிருந்தது. அவளே இதை எதிர்பார்க்கவில்லை. அவர் போர்டிங் அட்டையின் பின்பக்கம் தேதி போட்டு அந்த எண்ணை எழுதினார். ஏழு கல்லையும் கவுண்டர் மேல் வரிசையாக வைத்தார். "இதை நீங்களே வச்சுக்கங்கம்மா. உங்க மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றார்.

பிறகு பெரியவளுக்குப் போன் செய்தார். மறுமுனைக் குரல் பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. "அப்பா, பெட்டி எல்லாம் சரியா வந்துச்சா? அம்மா ஏறிட்டாங்களா?"

அவள் அவர் வாயையே பார்த்தாள்.

"பெட்டி எல்லாம் சரியா இருக்கும்மா. உங்க அம்மாதான் எட்டு கிலோ குறையறா." அவர் குரல் உடைந்தது. துண்டிக்காமல், விழுங்கிவிட்டுத் தொடர்ந்தார். "நாங்க வந்து சேர்றதுக்குள்ள அங்க அவளுக்கு ஒரு டாக்டரைப் பாத்து வை. மூணு பேரும் வர்றோம்."

அவள் தோளில் மாட்டியிருந்த கைப்பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். இரண்டடி போனதும் நின்று, அவள் வரும்வரை காத்திருந்தார்.