இருநூறு மில்லி செகண்ட்

"சுவருக்குப் பின்னால ஒளிஞ்ச பிறகும் குண்டு படுதாம். நேத்து மட்டும் தொள்ளாயிரம் புகார். என்னம்மா இது?" என்றார் மேலாளர்.

அந்தத் துப்பாக்கி விளையாட்டின் சர்வர் அவள் பொறுப்பு.

"தூரத்துல இருந்து ஆடறவங்க திரையில காட்சி தாமதமாத்தான் வரும் சார். அவங்க சுட்டா, அவங்க பார்த்த நேரத்துக்கு சர்வர் பின்னால போய், பட்டதுதான்னு ஒத்துக்கும். இப்போ நானூறு மில்லி செகண்ட் வரைக்கும் போகுது."

"இருநூறோட நிறுத்தும்மா. கடல் தாண்டி இருக்கிற நாலு பேருக்காக ஊரே சாகணுமா?"

அந்த நாலு பேரில் ஒருவன் அவளுடைய அண்ணன். கப்பல் பட்டறையில் வெல்டர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் ஆடுவான். பொழுதுபோக்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சர்வரில் நானூறை இருநூறாக மாற்றினாள்; அதற்கு மேல் தாமதமாகிறவர்கள் சரியாகக் குறி வைத்தாலும் இனி படாது.

மூன்று வாரம் கழித்து அவனிடமிருந்து போன்.

"பாப்பா, வெல்டிங்கை விட்டுட்டேன். ஸ்டோருக்கு மாத்தச் சொல்லி நானே கேட்டுக்கிட்டேன்."

"ஏண்ணா?"

"அப்பாவுக்கு வந்த கைநடுக்கம் எனக்கும் வந்துடுச்சு. விளையாட்டுலதான் கையைச் சோதிச்சுப் பார்ப்பேன். பத்துக்கு எட்டு சுடுவேன். இப்போ ரெண்டு."

"ஐயோ அண்ணா, அது சர்வர்! நான்தான் மாத்தினேன்."

"போடி, ஆறுதல் சொல்ல வந்துட்டா."

அவள் சோதனைக்கு வைத்திருந்த சர்வரில் நானூறு என்று போட்டு, அண்ணனை அங்கிருந்தே அதில் நுழைந்து சுடச் சொல்லி, பக்கத்து மேஜைக்காரரை ஆட்டத்தில் அவனுக்கு எதிரில் ஓடவிட்டாள்.

"சாகறதுக்கெல்லாம் சம்பளத்துல சேர்த்துக் கொடுப்பாங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவர் ஓடினார்.

பத்துக்கு ஒன்பது.

"பார்த்தியாண்ணா?"

"பார்த்தேன். நீ எண்ணை மாத்தினா படுது. அப்போ இத்தனை வருஷமா குறி வெச்சது என் கையா, உன் சர்வரா?"

"உன் கைதாண்ணா. சத்தியமா."



"அப்பா டம்ளரைத் தவறவிட்டப்போ, டம்ளர்தான் வழுக்குதுன்னு சத்தியம் பண்ணினவளும் நீதானே" என்றான். குரலில் கோபமே இல்லை. "சரி பாப்பா, கையுறை கேட்டு ஆள் நிக்கறாங்க. வெச்சிடறேன்."