ஒட்டாத நோய்

இருளாண்டி தம்பியின் உடலைக் குளிப்பாட்டியபோது, செம்பு தலைக்கு இரண்டு முழம் மேலே நின்றது. மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். தண்ணீர் நாகராசுவின் நெற்றியில் விழுந்து சிதறியதும் தன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தேய்த்துவிட யாரும் முன்வரவில்லை. ஆட்கள் வராமலில்லை. எல்லோரும் நாற்காலிகளைத் தெருப்பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நிலைப்படியில் நின்றிருந்த சேதுலட்சுமிக்கு யாரையும் குறை சொல்ல வாயில்லை. ஆறு வருடமாகப் புருசனிடம் அவளும் இப்படித்தான் இருந்தாள். தனித் தட்டு, தனி டம்ளர், முற்றத்துக் கடைசியில் தனியாக ஒரு தகரக் கொட்டகை. சோற்றை வைத்துவிட்டு அவர் வந்து எடுப்பதற்குள் திரும்பிவிடுவாள். டி.பி. என்று முதல் டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்த நாளில் ஆரம்பித்தது. ஆறு மாத மாத்திரையை இரண்டு தடவை முழுசாகச் சாப்பிட்டும் இருமல் நிற்கவில்லை. கடைசியில் படுத்தால் மூச்சு வராது என்று உட்கார்ந்தே தூங்கினார். நேற்றுச் சாயங்காலம் கஞ்சி கொண்டுபோனவள், அவர் உட்கார்ந்தபடியே போய்விட்டதைப் பார்த்தாள். ஐம்பது வயது.

தெருவில் ஒரு டி.வி.எஸ். வந்து நின்றது. ஆரோக்கியதாஸ் இறங்கினார். நார்த்தாமலைக்கு அந்தப் பக்கம் ஒரு குவாரியில் நாகராசுவும் அவரும் பதினெட்டு வருடம் ஒரே மிசினைப் பிடித்துப் பாறையில் துளை போட்டவர்கள். துளையிலிருந்து புகைபோலக் கிளம்பும் தூசிக்கு, நனைத்த துண்டு ஒன்றுதான் காவல். அது அரை மணியில் காய்ந்துவிடும். வண்டியிலிருந்து பந்தலுக்கு வருவதற்குள் ஆரோக்கியதாஸ் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

"என்னண்ணே, மொளகாச் செடிக்கு மருந்தடிக்கிற மாதிரி தள்ளி நின்னு ஊத்துறீங்க?"

இருளாண்டி செம்பைக் கொடுத்தார். ஆரோக்கியதாஸ் பலகைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, நாகராசுவின் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். காது மடலுக்குப் பின்னால் விரலை விட்டுச் சீயக்காய் தேய்த்தார்.

"இங்கதான்டா ஒனக்கு எப்பவும் தூசி போகாது" என்றார் நாகராசுவிடமே.

துவட்டத் துண்டு கொண்டுவந்த சேதுலட்சுமி எட்டவே நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க ஏன் மதினி தள்ளி நிக்கிறீங்க? இது ஒட்டாதுல்ல. அவன் ஒங்ககிட்ட சொல்லலையா?"

இரண்டு வருடத்துக்கு முன்னால் இருவரும் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரே நாளில் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். இது டி.பி.யே இல்லை, கல்தூசி நுரையீரலில் இறங்கி இறுகிப்போயிருக்கிறது, இனி அதை எடுக்க முடியாது, ஆனால் யாருக்கும் பரவாது என்று அங்கிருந்த டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

"எனக்கு ஒலகமே இருண்டுபோச்சு. இவன் நார்த்தாமலை வெலக்கு ரோடு வர்ற வரைக்கும் பஸ்ஸுல சிரிச்சுக்கிட்டே வாரான். ஏன்டான்னு கேட்டா, பேத்தியத் தூக்கலாம்லடாங்குறான்."

சேதுலட்சுமி துண்டைக் கையிலேயே பிசைந்தாள்.

"சொன்னாரு" என்றாள்.

புதுக்கோட்டையிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் நாகராசு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கொட்டகை வாசலில் நின்று, அப்போது மூன்று வயதான பேத்தியைக் கேட்டுக் கையை நீட்டினார். ஒட்டாதாம், டாக்டரம்மா சொல்லிவிட்டார் என்றார். பேத்தி மேலுள்ள ஆசையில் மனுசன் கதை கட்டுகிறார் என்று அவள் நினைத்தாள். மாத்திரை கொடுத்த டாக்டர் என்ன படிக்காதவரா என்று கேட்டு, பிள்ளையை உள்ளே தூக்கிப்போய்விட்டாள். நீட்டிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டவர், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உடம்பைத் துவட்டி, வேட்டி கட்டிப் பாடையில் கிடத்தினார்கள். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேத்தியை வரச்சொல் என்று இருளாண்டி குரல் கொடுத்தார். தூக்குவதற்கு முன் பேரப்பிள்ளைகள் பந்தத்தோடு பக்கத்தில் நிற்க வேண்டும். நாகராசுவுக்கு இருப்பது சுபஸ்ரீ ஒருத்திதான். கறம்பக்குடியிலிருந்து வந்த காருக்குப் பக்கத்தில், நாகராசுவின் மகள் ரஞ்சிதா, பிள்ளையின் கையை இறுகப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

சேதுலட்சுமி தெருவுக்குப் போய் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீதானம்மா கிட்ட விடாத, கிட்ட விடாதன்னு சொன்ன. போன் பண்ணுனா மொதப் பேச்சே அதுதான."

"தப்பா நெனச்சுட்டேன்டி."

"இப்ப சொல்றது தப்பில்லேன்னு யாரு கண்டா?"

பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு ஆரோக்கியதாஸ் இரும ஆரம்பித்தார். இடுப்பு வரை வளைந்து, நிறுத்த முடியாமல் இருமினார். ரஞ்சிதா பிள்ளையைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். இருமல் மெல்ல அடங்கியது.

"ஒங்கப்பா கேட்டது அது ஒண்ணுதான்டி" என்றாள் சேதுலட்சுமி.

ரஞ்சிதா பாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளையின் கையை விட்டாள்.

"போ. தாத்தாகிட்ட போ."

சுபஸ்ரீ நாற்காலிகளுக்கு நடுவே நடந்து முற்றத்துக்கு வந்தாள். பாதி முற்றத்தில் நின்றுவிட்டாள். அவள் தலைக்கு மேலே, சுவரிலிருந்து முருங்கைமரத்துக்கு இழுத்துக் கட்டிய துணிக்கொடி. கொடிக்கு அந்தப் பக்கம் தாத்தா, இந்தப் பக்கம் நீ என்று, நடக்கப் பழகிய நாளிலிருந்து அவளுக்குச் சேதுலட்சுமி சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"வாடா தங்கம். அம்மாச்சி இருக்கேன்ல."

பிள்ளை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அங்கிட்டு வந்தா நீ அடிப்ப."

யாரோ சிரித்து, உடனே நிறுத்தினார்கள். அடிக்கமாட்டேன் என்று சேதுலட்சுமி இரண்டு தடவை சொன்னாள். பிறகு முருங்கைமரத்துக்குப் போய் முடிச்சை நகத்தால் நெம்பினாள். நாள்பட்ட முடிச்சு, அவிழ நேரமானது. கயிறு தரையில் விழுந்தது. சுபஸ்ரீ குனிந்து அதைப் பார்த்தாள். தாண்டவில்லை.

நேரமாகிறது என்றார் இருளாண்டி. ஆரோக்கியதாஸ் பந்தத்தைக் கொளுத்தி, நாகராசுவின் தலைமாட்டில் மண்ணில் குத்தி வைத்தார். அது தனியாக எரிந்தது.

வாய்க்கரிசி போடப் பெண்கள் வந்தார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எட்ட நின்று போட்ட அரிசி கன்னத்திலும் கழுத்திலும் சிந்தியது. சேதுலட்சுமி கடைசியாக வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் உதட்டில் விரல் பட மூன்று தடவை அரிசி போட்டாள். தாடியில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாக எடுத்தாள். முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். பிறகு அதே முனையால் தன் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, தூக்குகிறவர்களுக்கு வழிவிட்டு எழுந்தாள்.