புள்ளி வைத்த பின்னம்

அண்ணியின் முகவாயில் மச்சம் எதுவும் கிடையாது. ஆனால் சின்னவள் ஸ்கேன் செய்து பெரிதாக்கி நீட்டிய புகைப்படத்தில் கடுகளவு கறுப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

"ஏண்டி, உங்க அண்ணன் கட்டிக்கிட்டப்ப எனக்கு இது இல்லியே! வேற யாரோ வீட்டுக்குள்ள வந்துட்டாள்னு அலறப் போறார்."

சின்னவள் சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தாள். ஸ்கேனர் கண்ணாடியின் மூலையில் ஒரு தூசி. தேய்த்தாலும் போகவில்லை, உள்பக்கம் ஒட்டியிருந்தது. அப்போதுதான் அவள் சிரிப்பு நின்றது.

கணினிக்கு எழுத்துகள் வரைவது அவள் தொழில். பழைய மலையாளக் கணக்கில் முந்நூற்று இருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் குறி ஒன்றுக்குத் தனி எண் வாங்க, 'தாடி' என்று அவள் கூப்பிடும் கூட்டாளியோடு சேர்ந்து நாலு வருஷமாக அலைந்துகொண்டிருந்தாள். எண் கிடைத்தால்தான் அது கணினியிலும் ஃபோனிலும் வரும். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் குழு, கொடுத்ததை எந்தக் காலத்திலும் திரும்பப் பெறாது. அதனாலேயே லேசில் கொடுக்கவும் மாட்டார்கள். 'பார்க்க ஒரு சாதாரண எழுத்து மாதிரியே இருக்கிறது, அதையே போட்டுக்கொள்ளுங்கள்' என்று இரண்டு முறை கையை விரித்துவிட்டார்கள்.

பிறகுதான் குறியின் அடியில் ஒரு புள்ளி இருப்பதைக் கண்டுபிடித்தாள். மூன்று வேறு வேறு பழைய நூல்களிலும் அதே புள்ளி. அது போதும் என்றார்கள். இன்று மதியம் முடிவு.

நூல்களின் நகல்களிலிருந்து குறியை மட்டும் துணுக்காக வெட்டி, கோணாமல் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றையும் கண்ணாடியின் மூலையில் அணைத்து வைத்துப் பெரிதாக்கியவள் அவள்தான். துணுக்கில் குறி எறும்புத் தலையளவு. அதனால் பெரிதாக்கிய படங்களையே பார்த்துப் பழகியிருந்தாள்.

துணுக்குகளை எடுத்துக் கண்ணாடியின் நடுவில் வைத்து மறுபடி ஸ்கேன் செய்தாள். மூன்றிலும் புள்ளி இல்லை.

தாடிக்கு ஃபோன் போட்டுச் சொன்னாள்.

"வாயத் திறக்காத," என்றான் தாடி. "குறி இருந்தது உண்மைதானே? புள்ளிதானே இல்ல?"

"புள்ளி இல்லாட்டி எண் கிடையாது. புள்ளியோட ஒரு குறி உலகத்துலயே கிடையாது. நாளைக்கு எவனோ ஃபோன்ல தட்டப்போறது நம்ம வீட்டுத் தூசியடா."

"தட்டிட்டுப் போறான். தும்மலா வரப்போகுது? நாலு வருஷம் நாயா அலைஞ்சிருக்கோம். மூணு நூலையும் தேடிப் புடிச்சவன் நான். நீ வெளிய சொன்னேன்னா இத்தோட நம்ம சகவாசம் சரி."

அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

குழுவின் கூட்டம் திரையில் தொடங்கியது. சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். ஓரக் கட்டத்தில் தாடி. "ஆட்சேபணை யாருக்கும் இல்லையே? அப்ப எண் கொடுத்துடலாம்," என்றார் தலைவி.

சின்னவள் ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்தினாள்.

"அம்மா, ஒரு நிமிஷம். அந்தப் புள்ளி குறியோடது இல்ல. என் ஸ்கேனர் கண்ணாடியில இருக்குற தூசி."

தாடியின் கட்டம் மறைந்தது. மற்ற முகங்கள் நகர்ந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டன.

"இப்பவாவது சொன்னீங்களே," என்றார் தலைவி மெதுவாக. "இதத் தள்ளி வச்சுடறோம். ஆனா போன வருஷம் உங்களோட வேற ரெண்டு குறிக்கு எண் கொடுத்துட்டோமே. அதுவும் இதே கண்ணாடியிலதான் எடுத்தீங்களா?"

அந்த இரண்டும் இந்நேரம் எத்தனையோ ஃபோன்களில் ஏறியிருக்கும்.

"ஆமா," என்றாள். "அதுல ஒரு குறிக்கும் இதே மாதிரி அடியில புள்ளி உண்டு."