எண் தெரியாத அழைப்புகள்

தையல்காரிக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. ஊசியில் நூல் கோத்தாள், அறுந்தது. மறுபடி கோத்து, பாவாடையின் உள்பக்கத்தை வெளிப்பக்கமாக வைத்து அடித்துவிட்டு, முனகிக்கொண்டே பிரித்தாள். இடையிடையே எழுந்துபோய்க் கூடத்து மூலையிலிருந்த தொலைபேசியைக் காதில் வைத்துப் பார்த்தாள். உயிரோடுதான் இருந்தது. மணி மட்டும் அடிக்க மாட்டேன் என்றது.

அன்று ஞாயிற்றுக்கிழமை; வாரம்தோறும் தம்பி பேசும் நாள். சரக்குக் கப்பலில் வேலை. கடலில் அவன் கைபேசி வெறும் டப்பா; கப்பலின் பொதுத் தொலைபேசியிலிருந்துதான் கூப்பிடுவான். அதில் எண் தெரியாது, திருப்பிக் கூப்பிடவும் முடியாது. கடைசியாகப் பேசியபோது அக்காவுக்கும் தம்பிக்கும் முட்டிக்கொண்டது. ஒப்பந்தம் முடியப்போகிறது, வீட்டுக்கு வரலாமா, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடலாமா என்று அவன் இழுத்தான்.

"வர்றதா இருந்தா கூப்பிடு. இல்லேன்னா கூப்பிடவே வேண்டாம்" என்று இவள் பட்டென்று வைத்துவிட்டாள்.

அத்தோடு சரி. வாரங்கள் ஓடின, பேச்சுமூச்சு இல்லை. ரோஷக்காரன், தானே வழிக்கு வருவான் என்று முதலில் நினைத்தாள். பிறகு கோபப்பட்டாள். பிறகு பயந்தாள். இப்போது மூன்றும் சேர்ந்து அவளைப் பிடுங்கித் தின்றன.

பாவாடையை வாங்க வந்தது பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காரும் பெண். வாசலிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டேன்க்கா. எடுக்கப் பிடிக்கலேன்னா நேரா சொல்லியிருக்கலாமே?"

"நான் எங்கம்மா எடுக்காம இருந்தேன்? மணியே அடிக்கலையே!"

"ஒரு பொம்பளை குரல் சொல்லுச்சே. 'நீங்கள் அழைத்தவர் உங்கள் அழைப்பை ஏற்க விரும்பவில்லை'ன்னு. எங்க லைன்ல நம்பர் காட்டாது, அதனாலயோ என்னவோ."

தையல்காரிக்குச் சட்டென்று தம்பி ஞாபகம் வந்தது. பாவாடையைச் சுற்றிக் கொடுக்கக்கூட மறந்து உள்ளே ஓடினாள்.

உள்ளே அவள் கணவர் மதியத் தூக்கத்தில் இருந்தார். பேருந்து ஓட்டுநர்; ஆனால் தெருவே அவரை எஞ்சினியர் என்றுதான் கூப்பிடும். திருகாணி இருக்கும் எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டார். திறந்ததில் பாதி மறுபடி மூடியதில்லை என்பது வேறு விஷயம்.

"ஃபோன்ல என்ன பண்ணி வச்சீங்க?"

"ஃபோன்ல ஒண்ணும் பண்ணலையே. ஃபோன் லைன் வர்ற ரூட்டர்லதான்" என்றார், கண்ணைக் கசக்கிக்கொண்டு. "தூங்குற நேரமாப் பார்த்துக் கடன் வேணுமா, காப்பீடு வேணுமான்னு உயிரை எடுக்குறானுங்க. நம்பர் காட்டாத கால் எல்லாத்தையும் தடுன்னு ஒரு கட்டம் இருக்கு. டிக் போட்டேன். எவ்வளவு நிம்மதியா இருக்கு பாத்தியா?"

"என் தம்பி ஃபோன்ல நம்பர் காட்டாதுங்க!"

எஞ்சினியர் தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்தார். அக்காவும் தம்பியும் சண்டை போட்ட மறுநாள்தான் அந்த டிக்கைப் போட்டிருந்தார்.

மடிக்கணினியைத் திறந்து ரூட்டரின் பக்கத்துக்குப் போகப் பார்த்தார். திறக்கவில்லை. மறுபடி அடித்தார். சக்கரம் சுற்றியது, அவர் நெற்றி வியர்த்தது. விஷயம் மெல்ல வெளியே வந்தது. எல்லார் வீட்டு ரூட்டருக்கும் ஒரே முகவரி என்றால் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டதுபோல என்று யாரோ சொல்ல, மனுஷன் அதன் முகவரி எண்ணையும் மாற்றித் தொலைத்திருக்கிறார்.

"பின்னாடி இருக்கிற பட்டனை அமுக்குங்க, பழையபடி ஆயிடும்னு சொல்வாங்களே?"

"அமுக்கினா ஃபோன் லைன் விவரமும் சேர்ந்து அழிஞ்சுடும். கம்பெனி ஆள்தான் வந்து போடணும். அவன் வர்றதுக்குள்ள உன் தம்பியே வந்துடுவான்" என்று பழக்கதோஷத்தில் சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் மறுபடி மடிக்கணினிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

"என்ன எண் போட்டீங்க?"

"நம்ம கல்யாண நாள்தான். கடைசி ரெண்டு இடத்துல பதினேழு, பதினொண்ணு. அதைத்தானே அடிக்கிறேன், திறக்க மாட்டேங்குதே!"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வருஷா வருஷம் ஒரு நாள் பிந்தி, பதினெட்டாம் தேதி பரிசோடு வந்து நின்று வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆள் அவர். இந்த வருஷமும் அப்படித்தான் வந்தார். அன்று விழுந்த திட்டில்தான் பதினேழு மனத்தில் ஏறியது. ரூட்டரில் கைவைத்ததோ அதற்கு முன்னால்.

"பதினெட்டு போடுங்க."

திறந்தது. எஞ்சினியர் அசடு வழிந்தார். அவளுக்குச் சிரிக்க நேரமில்லை. டிக்கை எடுத்து, சேமித்து, விளக்குகள் அணைந்து மறுபடி பச்சையாகும்வரை ரூட்டரையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மணி அடித்தது. பாய்ந்தாள். வீட்டுக்கடன் வேண்டுமா என்றது ஒரு குரல். "லைனை விடுப்பா, புண்ணியமாப் போகும்" என்று வைத்தாள். தைக்க உட்கார்ந்தாள், எழுந்தாள். பெருக்கிய கூடத்தையே மறுபடி பெருக்கினாள். வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தபோது மறுபடி மணி.

"அக்கா?" தம்பியின் குரல்தான். "நீயா எடுத்தே? நெசமாவா?"

"நான்தான்டா! உன் அத்தான் எதையோ நோண்டிட்டாருடா. நான் எதுவும் சொல்லலை, நான் உன்னை வேண்டாம்னு…"

"அந்தக் குரல் சொல்லுச்சுக்கா, நீ விரும்பலேன்னு."

"அது மெஷின்டா, மடையா! நீ வா. பேசாம வந்து சேரு."

அந்தப் பக்கம் கப்பலின் இரைச்சலுக்கு நடுவே தம்பி செருமினான்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா" என்றான். "நேத்துதான்."

அழக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். கேட்க ஒன்றும் தோன்றாமல் ஒன்றைக் கேட்டாள்.

"விரும்பலேன்னு சொன்ன பிறகும் ஏன்டா கூப்பிட்டே இன்னைக்கு?"

"எல்லா ஞாயித்துக்கிழமையும் கூப்பிட்டேன்க்கா. அது சொல்றதை முழுசாக் கேட்டுட்டுத்தான் வைப்பேன். என்ன இருந்தாலும் நம்ம வீட்டு நம்பர்லேர்ந்து வர்ற குரலாச்சே."

கதவோரம் எஞ்சினியர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். எப்போது வருகிறான் என்று கையசைத்துக் கேட்டார். அவள் அவரைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி, தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பேசுடா" என்றாள். "வச்சுடாதே. எதையாவது பேசிக்கிட்டே இரு."