ஜன்னல் வைத்த ஸ்டோர் ரூம்

மேலகரத்தில் மூன்று சென்ட் வாங்கியதும் ஓய்வுபெற்ற சப் இன்ஸ்பெக்டர் சிவனணைந்தபெருமாள் முதலில் செய்யக் கொடுத்தது பெயர்ப்பலகையைத்தான். கறுப்புப் பளிங்கில் பெயரும் பதவியும் தெருமுனை வரை தெரியும். ‘ஓய்வு’ என்ற சொல்லுக்கு மட்டும் கண்ணாடி போட வேண்டும். வீடு பிறகு வரட்டும் என்று விட்டிருந்தார்.

படம் போட இன்ஜினியர் குற்றாலீஸ்வரன் வந்தார்.

“எத்தன பேருக்கு வீடு, ஐயா?”

“ரெண்டு பேருக்குத்தான்வே.”

காபி கொண்டுவந்த மனைவி வள்ளித்தாய் அப்படியே நின்றாள். ஒரே மகள் சத்யபிரியா, செங்கோட்டையில் பேக்கரி வைத்திருக்கும் வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்ட அன்று, ‘எனக்குப் பிள்ளையே கிடையாது’ என்று பெருமாள் ஸ்டேஷனில் வைத்து அறிவித்தார். அதைக் கேட்டு, வழக்கு எழுதும் ரைட்டர்கூட எழுந்து நின்றாராம்.

மறுவாரம் படம் வந்தது. மாடி இல்லாத சின்ன வீடு. ஹால், ஒரு படுக்கையறை, அடுப்படி. முன்பக்க மூலையில் கொஞ்சம் இடம் மிச்சம்.

“அங்கன ஒரு ஸ்டோர் ரூம் போடுங்க தம்பி,” என்றாள் வள்ளித்தாய். “அரிசி, உளுந்து வைக்கணும்லா.”

“போட்டுரலாம்மா.”

“ஜன்னல் வேணும். ஃபேன் மாட்டக் கொக்கியும்.”

“உளுந்துக்கு ஃபேனா?”

“வண்டு வருது தம்பி. சின்னதா ஒரு பாத்ரூமும் சேத்துப் போட்டுருங்க.”

குற்றாலீஸ்வரன் பென்சிலை வைத்துவிட்டுப் பெருமாளைப் பார்த்தார். ஆயுசெல்லாம் திருடர்களை விசாரித்தவருக்கு இந்த வாக்குமூலத்தில் தோண்டி எடுக்க ஒன்றும் இல்லை.

“உளுந்து குளிக்குமாட்டி?”

வள்ளித்தாய் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“ரூம அடிச்சிரும்வே,” என்று அந்த மூலையில் விரலை ஊன்றினார் பெருமாள். “போர்டிகோ போடும். கார் நிக்கணும்.”

“கார் வாங்கிட்டீங்களா, ஐயா?”

“வாங்குவோம்லா.”

ஐப்பசியில் பால் காய்ச்சினார்கள். காலையிலிருந்தே மழை. போர்டிகோவில் தூணுக்கொன்றாகச் சிமெண்ட் சிங்கங்கள் உட்கார்ந்து, வராத காருக்குக் காவல் இருந்தன. யாரும் அழைக்காமல் சத்யபிரியா வந்தாள். முழுக்க நனைந்திருந்தாள், இடுப்பில் குழந்தை. போர்டிகோ வரை வந்தவள் செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டாள். வாசலில் நின்று ‘வா’ என்று சொல்ல வேண்டியவர் ஹாலில் இருந்தார்.

“வெளிய யாரு, பெருமாள்?” என்றார் விசேஷத்துக்கு வந்திருந்த பழைய டி.எஸ்.பி.

“மழைக்கு யாரோ ஒதுங்கி நிக்காங்க, சார்.”

ஹாலில் இருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவளைத் தெரியும். அத்தனை பேரும் கேசரி நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

வள்ளித்தாய் மட்டும் துண்டும் கேசரித் தட்டுமாக வெளியே வந்தாள். தட்டை மகள் கையில் கொடுத்துவிட்டுப் பேரனை வாங்கித் தலையைத் துவட்டினாள். பாட்டியை அவன் இப்போதுதான் முதல்முறை பார்க்கிறான். மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான்.

“உள்ள எத்தன ரூம்மா?”

“ஒண்ணுதாம்ட்டி.”

சத்யபிரியா திறந்திருந்த கதவைப் பார்த்தாள். பிறகு கேசரியைப் பார்த்தாள்.

“சின்ன வீடுன்னா லேசும்மா. கூட்டிப் பெருக்க உனக்குக் கஷ்டமிருக்காது.”

“ஆமாட்டி,” என்ற வள்ளித்தாய், பேரனின் காய்ந்துவிட்ட தலையை மறுபடியும் துவட்டினாள்.